காவலர், தீயணைப்பாளர் கையில் இருக்க வேண்டிய கத்தி எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவலர், சிறைக்காவலர், தீயணைப்பாளர் பணிகளுக்கு ஒரே தேர்வு எழுதித் தேறிவரும் இளைஞர்களில் பலர், பயிற்சி முடிந்ததும் சொந்தக் காசில் ஒரு மடக்குக்கத்தி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பழக்கம் நல்லது. வாங்கும் கத்தியில்தான் கோளாறு. இணையக் கடைகளில் 'டாக்டிகல்', 'கமாண்டோ' என்ற பெயர்களில் குவிந்து கிடப்பவை பெரும்பாலும் ஊசி முனையும் தடித்த அலகும் கறுப்புப் பூச்சும் கொண்டவை. குத்துவதற்கென்று வடிவமைத்த ஒன்றை ஆளைக் காப்பாற்றும் இடத்துக்கு எடுத்துப் போகிறோம். அதற்குப் பதிலாக எதை வாங்கலாம், வாங்குமுன் எதைச் சோதிக்க வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். சீருடை அணிபவர் உள்ள வீடுகளில் இதை அவர்களிடம் காட்டினால் மகிழ்வேன்.

காவல், தீயணைப்பு ஆகிய இரு துறையினரும் கத்தியை எதற்கு எடுக்கிறார்கள்? கவிழ்ந்த காரில் இறுகிப்போன சீட் பெல்ட். பைக்கின் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கழுத்தை இழுக்கும் துப்பட்டா. அடிபட்டுக் கிடப்பவரின் ஹெல்மெட் வார். கழுத்தில் சிக்கிய மாஞ்சா நூல். கிணற்றில் விழுந்த மாட்டைக் கட்டியிருக்கும் கயிறு. வெள்ளத்தில் படகு இன்ஜினின் விசிறியில் சுற்றிய நைலான் கயிறு. தூக்கில் தொங்கும் ஒருவரை இறக்க வேண்டிய அவசரம். இவற்றில் பெரும்பாலானவற்றில் வெட்ட வேண்டிய பொருளுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட இருப்பதில்லை. வலியில் துடிப்பவர் அசையாமல் இருக்க மாட்டார். இருட்டு, மழை, ரத்தம், கையுறை என்று எல்லாம் சேர்ந்திருக்கும். அந்த நிலையில் ஊசி முனை எங்கே போய் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது முனை. அது மழுங்கியிருக்க வேண்டும். அலகின் முதுகு வளைந்து இறங்கி வாயை, அதாவது வெட்டும் ஓரத்தை, தொடும், வாய் நேர்கோடாக ஓடும் வடிவத்தை 'ஷீப்ஸ்ஃபுட்' என்று விற்கிறார்கள். ஸ்பைடர்கோ என்ற கத்தி நிறுவனத்தின் ரெஸ்க்யூ, அட்லாண்டிக் சால்ட் மாடல்களும் பெஞ்ச்மேட் ட்ரையாஜ் கத்தியின் மழுங்கு முனை வகையும் இந்த நோக்கத்துக்கென்றே செய்யப்பட்டவை. அந்த முனையைத் தோலின்மேல் வைத்துத் துணிக்கு அடியில் நுழைத்து மேல்நோக்கி இழுக்கலாம். கூர்முனைக் கத்தியால் அப்படிச் செய்யவே கூடாது.

இதைவிடவும் பாதுகாப்பானது கொக்கிக் கட்டர். பெல்ட் கட்டர் என்றும் சொல்வார்கள். வெட்டும் வாய் ஒரு குறுகிய பிளவுக்குள் ஒளிந்திருக்கும். விரலோ தோலோ அதற்குள் போகாது. ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் கத்தியை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். இரண்டாவதாக, சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும் ஏழரை அங்குல ட்ராமா கத்தரிக்கோல். அதன் கீழ்த்தாடையின் நுனி தட்டையாக, மழுங்கலாக இருப்பதால் தோலை ஒட்டியே வெட்டிக்கொண்டு போகும். ஜீன்ஸ், தோல் பெல்ட், ஹெல்மெட் வார் எதுவும் அதற்கு நிற்காது. லெதர்மேன் ராப்டர் போன்ற மடக்கு வகைகளில் பெல்ட் கட்டரும் மோதிரம் வெட்டும் பல்லும் கண்ணாடி உடைக்கும் மிகக் கடினமான கார்பைடு முனையும் சேர்ந்தே வருகின்றன. மூன்றாவது இடம்தான் மடக்குக்கத்திக்கு. இந்த வரிசை பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் மேலே சொன்ன வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதைக் கொண்டு செய்வது பாதுகாப்பு என்று எண்ணிப் பார்த்தால் இதே வரிசைதான் வரும்.

சீட் பெல்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது பாலியெஸ்டர் நெசவு. அகலம் 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. முதலில் சிவப்பு பட்டனை அழுத்திப் பாருங்கள். பதற்றத்தில் அதைத் தொடாமலே வெட்டத் தொடங்குகிறவர்கள் உண்டு. பட்டன் வேலை செய்யவில்லை என்றால் ஒரு கையால் பெல்ட்டை இழுத்து விறைப்பாக்கி, ஓரத்திலிருந்து தொடங்கி, நேர்குறுக்காக இல்லாமல் சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கட்டர் திணறுவதற்கு முக்கியக் காரணம் பெல்ட் தளர்வாக இருப்பதுதான். தளர்ந்த நெசவு மடிந்து பிளவுக்குள் அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் வராது. அப்போது முரட்டுத்தனமாக இழுக்காமல் கட்டரை வெளியே எடுத்து, பெல்ட்டை விறைப்பாக்கி, வேறோர் இடத்தில் புதிதாகத் தொடங்குங்கள். தோளுக்கு அருகே ஒரு வெட்டு. இடுப்பு இன்னும் விடுபடவில்லை என்றால் இடுப்பு ஓரத்தில் இன்னொரு வெட்டு. கதவுகளுக்கு நடுவே உள்ள தூணின் உறைக்குள்ளோ கூரை ஓரத்திலோ அலகை நுழைக்கக் கூடாது. பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துச் சாதனமும் பக்கவாட்டு ஏர்பேக்கின் வாயு உருளையும் அங்கே இருக்கக்கூடும். கார் தலைகீழாகக் கிடந்தால், உள்ளே தொங்குபவரின் தோளையும் இடுப்பையும் ஒருவர் தாங்கிக்கொள்ளும் வரை வெட்டவே கூடாது. பெல்ட் அறுந்ததும் முழு எடையும் கழுத்தில் வந்து விழும்.

துப்பட்டா, சேலை முந்தானை விபத்துகளில் முதலில் வண்டியை அணைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சக்கரம் பின்னால் சுழலுமானால் ஒருவர் மெதுவாகச் சுழற்றித் துணியைத் தளர்த்தட்டும். வெட்டு சக்கரத்துக்கு அருகே இருக்கட்டும். கழுத்தில் இறுகி மூச்சு அடைபட்டிருந்தால் மட்டும் கழுத்தருகே வெட்ட வேண்டிவரும். அப்போது தொண்டைப் பக்கம் போகாமல் பிடரிப் பக்கமாகக் கத்தரிக்கோலின் மழுங்கிய தாடையை நுழையுங்கள். ஹெல்மெட் வாருக்கும் இதுவே முறை: கத்தரிக்கோல் அல்லது கொக்கி, ஒருபோதும் திறந்த கத்தி வேண்டாம். வாரை வெட்டியதும் ஹெல்மெட்டைப் பிடுங்கி எடுக்காமல், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் கழற்ற வேண்டும்.

தூக்கில் தொங்குபவரை அடையும் காவலரோ தீயணைப்பாளரோ உயிர் இருக்கிறது என்று கொண்டே செயல்பட வேண்டும். முதலில் உடலைத் தூக்கித் தாங்க ஆள், பிறகே வெட்டு. கட்டுக்கும் தோலுக்கும் இடையே கொக்கிதான் நுழைய வேண்டும். முடிச்சை அவிழ்க்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. அதிலிருந்து விலகி வெட்டுங்கள். பின்னர் வெட்டிய இரு முனைகளையும் நூலால் கட்டி அடையாளமிட்டு வைத்தால், எது நம் வெட்டு, எது முன்பே இருந்தது என்று தடயவியல் மருத்துவர் பிரித்தறிய முடியும். முடிச்சின் வகையும் இடமும் வழக்கில் பேசும் சான்றுகள். அவசரத்தில் முடிச்சையே அறுத்துவிட்டால் அந்தச் சான்று திரும்பக் கிடைக்காது.

கண்ணாடி உடைக்கும் முனை கத்திப் பிடியின் அடியில் இருந்தால் எல்லாக் கண்ணாடியும் உடையும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. இது ஆபத்தானது. காரின் முன்கண்ணாடி லேமினேட் வகை: இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். கார்பைடு முனையால் குத்தினால் நட்சத்திரம்போல் விரிசல் விடும், அவ்வளவுதான். ஆள் நுழைய வழி கிடைக்காது. பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் டெம்பர்டு வகை. அவைதான் ஒரே குத்தில் சிறு சிறு துண்டுகளாக உதிரும். இப்போது சில கார்களில் பக்கக் கண்ணாடியும் லேமினேட்டாக வருகிறது. அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் கண்ணாடி உடைக்கும் 6 கருவிகளைச் சோதித்தபோது, டெம்பர்டு கண்ணாடியை உடைத்தவை 4. லேமினேட் கண்ணாடியை உடைத்தது ஒன்றுகூட இல்லை. ஓங்கி அடிக்கும் சுத்தியல் வகையைவிட, அழுத்தினால் உள்ளே இருக்கும் வில் முனையைத் தள்ளும் சுருள்வில் வகை மேல் என்பதும் அதில் தெரிந்தது. கண்ணாடியின் மூலையில் சிறு எழுத்தில் 'லேமினேட்டட்' அல்லது 'டெம்பர்டு' என்று பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். தெருவில் நிற்கும் கார்களில் அதைத் தேடிப் படித்துப் பழகுங்கள். விபத்து இடத்தில் டார்ச் அடித்து முதன்முறையாகத் தேடுவது வேலைக்கு ஆகாது.

சுருள்வில் வகை வேண்டும் என்றால் வெளிநாட்டுப் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. லேத் பட்டறைக்காரர்கள் உலோகத்தில் புள்ளி குத்தப் பயன்படுத்தும் ஆட்டோமேட்டிக் சென்டர் பஞ்ச் ஹார்டுவேர் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தலைப்பகுதித் திருகைத் திருகிச் சுருள்வில்லை அதிகபட்ச விறைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓங்கி அடிக்க இடமில்லாத நெருக்கடியிலும், தண்ணீருக்குள்ளும், வெறும் அழுத்தத்தில் அது வேலை செய்யும். தண்ணீருக்குள் சுத்தியலை வீசினால் வேகம் முழுவதும் தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

உடைக்கும் முறையும் முக்கியம். எல்லாக் கதவுகளையும் இழுத்துப் பார்த்த பிறகே கண்ணாடிக்கு வர வேண்டும். அடிபட்டவரிடமிருந்து தள்ளியிருக்கும் சன்னலைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடியின் நடுவில் குத்த வேண்டாம், அங்கே அது வளைந்துகொடுக்கும். கீழ் மூலையில், ஓரத்திலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளிக் குத்துங்கள். பஞ்ச் பிடித்த கையை இன்னொரு கையால் கதவுச் சட்டத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டால், உடைந்த வேகத்தில் கை உள்ளே பாயாது. சன் பிலிம் ஒட்டிய கண்ணாடி உடைந்த பிறகும் விழாமல் நிற்கும். மேல் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுத்துச் சரிக்க வேண்டும். லேமினேட் கண்ணாடிக்கு ரம்பம்தான் வழி. விக்டோரினாக்ஸ் ரெஸ்க்யூ டூலில் அதற்கென ஒரு ரம்பமும் உண்டு: முதலில் ஒரு துளை, பிறகு ஓரமாக அறுப்பு. மெதுவான வேலை, பற்கள் சீக்கிரம் தேயும். கண்ணாடித் தூள் பறப்பதால் முகக்கவசமும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியாமல் தொடங்கக் கூடாது. உள்ளே இருப்பவர் முகத்தையும் போர்வையால் மூடுங்கள்.

இனி மடக்குக்கத்தியே வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு.

அலகு 7 முதல் 9 செ.மீ. நீளம் போதும். முதுகுத் தடிமன் 2.5 முதல் 3 மி.மீ.க்குள் இருக்கட்டும். 4, 5 மி.மீ. தடித்த அலகுகள் உறுதியாகத் தெரியும். ஆனால் நெசவுப் பட்டையில் இறங்காமல் ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடும். பல் வைத்த வாய் நைலான், தேங்காய் நார், பெல்ட் போன்ற நார்ப்பொருள்களைச் சீக்கிரம் அறுக்கும். அரை மழுங்கலிலும் வேலை செய்யும். வழுவழு வாய் அட்டைப்பெட்டி, டேப், துணி, தார்ப்பாய்க்கு ஏற்றது, தீட்டுவதும் எளிது. தீயணைப்பாளருக்கு முழுப்பல் வாயும், காவலருக்கு வழுவழு வாயோடு தனியாக ஒரு கொக்கிக் கட்டரும் என்பதே என் கருத்து. பாதிக்குப் பாதி பல் வைத்த அலகுதான் கடைகளில் அதிகம். 8 செ.மீ. அலகில் 4 செ.மீ. பல், 4 செ.மீ. வழுவழு என்றால் ஓர் இழுப்பில் பெல்ட்டை முடிக்க இரண்டுமே போதாது.

எஃகு விஷயத்தில் நம் கடற்கரை மாவட்டங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி காற்றிலும் வியர்வை ஊறிய சட்டைப்பையிலும் சாதாரண எஃகு சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். டி2 எஃகு கூர் நிற்கும் என்று புகழப்படுகிறது, உண்மைதான். ஆனால் அதில் கரி 1.5 சதவீதம் அளவுக்கு இருப்பதால் 12 சதவீதக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பைடாகக் கட்டுண்டுவிடும். துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கடலோரத்துக்கு அது வேண்டாம். கரியைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எச்1, எல்சி200என் வகைகள் உப்புத் தண்ணீரிலும் கிட்டத்தட்டத் துருப்பிடிக்காதவை, விலை கூடுதல். உள்மாவட்டங்களில் 14சி28என், விஜி-10, 420எச்சி ஆகியவையே போதும், அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டால். அலகில் '440' என்று மட்டும் பொறித்து ஏ, பி, சி என்ற எழுத்து இல்லாமல் இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கறுப்புப் பூச்சும் ஏமாற்று. துரு முதலில் பிடிக்கும் இடம் பூச்சே இல்லாத கூர்வாய்தான்.

திறப்பதற்கு நகம் நுழைக்கும் சிறு பள்ளம் மட்டும் உள்ள கத்தியைத் தொடாதீர்கள். தீயணைப்புக் கையுறையோடு அதைத் திறக்கவே முடியாது. அலகில் பெரிய வட்டத் துளை அல்லது கட்டைவிரல் குமிழ் இருக்க வேண்டும். 1981-இல் வந்த ஸ்பைடர்கோவின் முதல் கத்தியிலேயே துளையும் பையில் மாட்டும் கிளிப்பும் சேர்ந்திருந்தன. இன்றைக்கும் அந்த அமைப்பை மிஞ்சியது குறைவு. பாதி திறந்ததும் சுருள்வில் தள்ளிவிடும் 'அசிஸ்டெட்' வகை பைக்குள்ளேயே திறந்து தொடையைக் கிழிக்கக்கூடும். மணல் புகுந்தால் பாதியில் நின்றுவிடும். பட்டன் கத்தி வேண்டவே வேண்டாம், அதன் காரணத்தைச் சட்டம் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

பூட்டு இல்லாத மடக்குக்கத்தியால் பழம் நறுக்கலாம், மீட்புக்கு ஆகாது. அழுத்தம் மாறினால் அலகு மடங்கி விரலின்மேல் விழும். பூட்டுகளில் லைனர் வகை அதிகம் விற்கிறது: உள்ளே ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும். தடித்த கையுறையோடு பிடியை முறுக்கினால் விரலே அந்தத் தகட்டைத் தள்ளிப் பூட்டைத் திறந்துவிடலாம். பிடியின் முதுகில் உள்ள பட்டையை அழுத்தித் திறக்கும் முதுகுப் பூட்டு வகையில் வேறொரு கோளாறு: பள்ளத்தில் மணலோ பஞ்சோ அடைத்தால் பூட்டு முழுவதும் இறங்காது, ஆனால் பூட்டியதுபோலவே தெரியும். இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கையே பூட்டுப் பட்டையை அழுத்திவிடாதபடி, பட்டையில் ஒரு சிறு குழி வெட்டிய மாடல்கள் உண்டு. அதைப் பார்த்து வாங்குங்கள். பிடியின் இரு பக்கமும் குமிழ் உள்ள குறுக்குத்தண்டுப் பூட்டு இடக்கை, வலக்கை இரண்டுக்கும் பொருந்தும், திறக்கும்போது விரல் அலகின் பாதையில் வராது. காவலருக்கும் தீயணைப்பாளருக்கும் இதுவே என் முதல் தேர்வு.

கடையிலேயே சோதிக்கலாம். பணிக் கையுறையை எடுத்துப்போய், சோப்புத் தண்ணீரில் நனைத்து, வலக்கையால் சில முறை, இடக்கையால் சில முறை திறந்து மூடிப் பாருங்கள். இரண்டு கையிலும் தடுமாறாமல் வந்தால் மட்டும் வாங்குங்கள். திறந்த அலகின் முதுகைக் கட்டையில் வைத்து உடல் எடையோடு அழுத்துங்கள். விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இருக்கக் கூடாது. பூட்டு நகர்ந்தால் வேண்டாம். முதுகைக் கட்டையில் ஓங்கி அடித்துச் சோதிக்கச் சொல்வார்கள். அதில் நல்ல பூட்டும் சேதமாகும்.

பிடியின் நிறம் சிறு விஷயமாகத் தோன்றும். கறுப்புக் கத்தி இரவில் சேற்றில் விழுந்தால் போனது போனதுதான். ஆரஞ்சு அல்லது மஞ்சள் பிடி வாங்குங்கள்.

தீயணைப்பாளர்கள் கத்தியை மேல்கோட்டின் வெளிப்பையில் மாட்டக் கூடாது. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் உறை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸிலேயே உருகும். நைலான் பிடிகள் 220 டிகிரியைத் தாண்டியதும் உருகத் தொடங்கும், அதற்கு முன்பே இளகும். உலோகப் பிடி உருகாது, ஆனால் கையுறையைக் கழற்றித் தொட்டால் சுடும். கோட்டின் மடிப்புக்கு உள்ளே, ஒரே பையில், எப்போதும் அதே இடத்தில் வையுங்கள். இன்னொன்று: எரியும் கட்டடத்தில் பொய்க்கூரை சரிந்தால் தோளிலும் காற்று உருளையிலும் சிக்குவது வயர்களும் ஏசி குழாயின் கம்பிச் சுருளும். கத்தி அங்கே பயனற்றது. சிறிய கட்டிங் பிளேயர் வேண்டும். 1000 வோல்ட் காப்பிட்டது என்று முத்திரை உள்ளதாக இருக்கட்டும். அந்த முத்திரையை நம்பி மின்சாரம் துண்டிக்கப்படாத வயரை வெட்டலாம் என்று பொருள் இல்லை; மின்வாரியம் இணைப்பைத் துண்டிப்பதுதான் முதல் வேலை. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயர் உயர் மின்னழுத்தம் பாய்வது. அதன் அருகே எந்த வெட்டுக்கருவியும் போகக் கூடாது.

வெள்ள மீட்பு தனி உலகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையிலும், 2023-இல் நெல்லை, தூத்துக்குடியிலும் தெருக்களில் ஓடிய ரப்பர் படகுகளில் ஊசி முனைக் கத்தி இருப்பது படகுக்குள்ளேயே ஆணியை வைத்திருப்பதற்குச் சமம். தண்ணீரில் மடக்குக்கத்தியைத் திறக்கவும் நேரம் இருக்காது. உயிர்காப்பு உடையின் மார்புப் பட்டையில் உறையோடு பொருத்திய, மழுங்கு முனை உள்ள, மடக்காத சிறு கத்தி சரியானது. எந்தக் கையால் இழுத்தாலும் வர வேண்டும். கயிற்றை வெட்டுமுன் அது யாருடைய எடையைத் தாங்குகிறது என்று கையால் தடவிப் பின்தொடர்ந்து பாருங்கள். விறைப்பாக இழுபட்ட மீட்புக் கயிற்றில் கூரான வாய் லேசாகப் பட்டாலே அறுந்துபோகும். ஆட்களைக் கிணற்றிலோ மாடியிலோ இறக்கும்போது கயிற்றருகே திறந்த கத்தியே இருக்கக் கூடாது.

காவலருக்கு வேறு சில கவலைகள். சட்டைப்பையில் கிளிப் வெளியே தெரிய மாட்டிய கத்தியைக் கூட்டத்தில் யாரும் உருவிவிடலாம். பந்தோபஸ்துக்குப் போகும்போது மூடிய உறையில் வையுங்கள் அல்லது வண்டியில் விட்டுப் போங்கள். துப்பாக்கி அணியும் அலுவலர், துப்பாக்கி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கத்தியை வைப்பது நல்லது. தற்காப்புக்கு என்று வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கைகலப்பில் மடக்குக்கத்தியை எடுத்துத் திறந்து பூட்டும் நேரத்தில் கைகலப்பு முடிந்திருக்கும், இல்லையென்றால் கத்தி எதிராளியின் கையில் இருக்கும். லத்தியும் உடன் நிற்கும் காவலரும் தரும் பாதுகாப்பை அது தராது. சோதனையில் கைப்பற்றிய மூட்டையைப் பிரிக்கவும், ரத்தம் பட்ட துணியைத் தொடவும் சொந்தக் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் பழைய துகள் புதிய வழக்கின் தடயத்தைக் கெடுக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் சர்ஜிகல் பிளேடு மலிவானது.

சட்டம் என்ன சொல்கிறது? ஆயுத விதிகளின் அட்டவணைப்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகள், வீட்டு, விவசாய, அறிவியல், தொழிற் பயன்பாட்டுக்கானவை நீங்கலாக, ஆயுத வகையில் சேரும். நான் சொல்லும் கத்திகள் அந்த அளவில் பாதிகூட இல்லை. அரசு ஊழியர் தம் பணியின்போது வைத்திருப்பதற்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. விடுப்பில் போகும்போது அந்த விலக்கு உங்களோடு வராது. பட்டன் கத்தி பற்றி: தில்லியில் 1980-இன் அறிவிக்கை ஒன்று, பட்டனாலோ சுருள்வில்லாலோ திறக்கும், 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய அலகுள்ள கத்திகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. வடக்கே பணிக்கும் பயணத்துக்கும் போகும் நம் சிறப்புக் காவல் படையினர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் போகாது, செக்-இன் பெட்டியில்தான்.

பராமரிப்பில் பெரிய தவறு, தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கத்தியைக் கொடுப்பது. தண்ணீர் இல்லாமல் சுழலும் கல்லில் பொறி பறக்கும்போது கூர்வாய் பழுத்து நீலம் பாயும். அந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிடும். அதன்பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. பல் வாயாக இருந்தால் பற்களே வழித்துப்போகும். வழுவழு வாயை 400, 1000 எண் தீட்டுக்கற்களில் தண்ணீர் விட்டு, ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி சாய்வில் தீட்டுங்கள். பல் வாய்க்கு முக்கோணப் பீங்கான் குச்சி. பள்ளம் பள்ளமாக, சாய்வு உள்ள பக்கம் மட்டும். ரத்தம் பட்டால் கையுறை அணிந்து, கத்தியைத் திறந்து, முதலில் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள், பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் அதன் குளோரின் துருப்பிடிக்காத எஃகையும் அரித்துப் புள்ளி விழவைக்கும். மருத்துவமனையில் பிளீச்தான் பயன்படுத்தச் சொன்னார்கள் என்றால் பத்து நிமிடத்தோடு எடுத்து நன்றாக அலசித் துடையுங்கள். மீட்புக்கு வைத்த கத்தியால் சாப்பாட்டுப் பொருளை வெட்டாதீர்கள். அலகின் அச்சுத் திருகு தளர்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து, தளர்ந்தால் நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி விட்டு முடுக்குங்கள்.

பழகுவதற்கு அதிகச் செலவில்லை. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய காரின் சீட் பெல்ட்டும் கதவுக் கண்ணாடியும் கிடைக்கும். ஒவ்வொரு நிலையத்திலும் அரை மணி நேரப் பயிற்சியில், கையுறையோடு, கண்ணைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு வெட்டு வெட்டிப் பார்த்தாலே கருவியின் குறையும் கையின் குறையும் தெரிந்துவிடும். காவல் துறைத் தலைமைக்கும் தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறைக்கும் என் வேண்டுகோள்: ஒவ்வொரு ரோந்து வண்டியிலும், ஒவ்வொரு தீயணைப்பு வண்டியிலும் இரண்டு கொக்கிக் கட்டர், இரண்டு ட்ராமா கத்தரிக்கோல், ஓர் ஆட்டோமேட்டிக் சென்டர் பஞ்ச் ஆகியவற்றை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுச் சாவி நிலையத்தில் இருந்தால் பயனில்லை. கொக்கிக் கட்டரின் பிளேடை ஒவ்வொரு உண்மையான வெட்டுக்குப் பிறகும் மாற்றி, மாற்றிய தேதியைப் பிடியில் பெயிண்ட் மார்க்கரால் எழுதி வையுங்கள். பெல்ட் நெசவில் சிக்கியிருக்கும் மணல் ஒரே வெட்டில் பிளேடின் வாயை மழுக்கியிருக்கும், பார்த்தால் தெரியாது.

இப்படிக்கு,
மீட்புக் கருவிகள் பயிற்றுநர்,
திருச்சிராப்பள்ளி.